வண்டி ஆறுகிற நேரம்

யசோதரனின் தண்ணீர் லாரி வேறு எங்கே வேண்டுமானாலும் கொதித்திருக்கலாம். போர்வெல்லில் தண்ணீர் ஏற்றிக்கொண்டு கிளம்பும் மண்பாதையில் கொதித்திருக்கலாம், செங்கம் ரோட்டில் ஓட்டல் வாசலில் கொதித்திருக்கலாம். ஆனால் சொல்லி வைத்தாற்போல தினமும் அடி அண்ணாமலையில், கிரிவலப் பாதை ஓரம், ஜோதியம்மாள் வீட்டு வேப்பமரத்தடியில்தான் அது கொதித்தது. இதில் லாரியின் பங்கு பாதி. மீதிப் பாதி யாருடையது என்று யசோதரனுக்குத் தெரியும், வெளியே சொல்லத்தான் வாய் வரவில்லை.

முதல் தடவை நின்றது நிஜமாகவே வண்டியின் வேலை. வைகாசி வெயில், பின்னால் டேங்க் நிறையத் தண்ணீர், முன்னால் ரேடியேட்டரிலிருந்து புஸ்ஸென்று ஆவி. கேபினில் இருந்த கேனை ஆட்டிப் பார்த்தார், காலி. இறங்கிப்போய் எதிரே இருந்த வீட்டு வாசலில் நின்று, ஒரு குடம் தண்ணீர் கிடைக்குமா என்று கேட்டார். ஆட்டுக்குத் தழை கட்டிக்கொண்டிருந்த ஜோதியம்மாள் அவரைப் பார்த்தாள், பிறகு லாரியைப் பார்த்தாள், அதன் வயிற்றில் கொட்டை எழுத்தில் ‘குடிநீர்’ என்று எழுதியிருந்ததையும் பார்த்தாள்.

"தண்ணி லாரிய நிறுத்திட்டு தண்ணி கேக்கற ஆள இன்னிக்குத்தான் பாக்கறேன்."

"அது வித்த தண்ணிங்க" என்றார் யசோதரன். "ஏத்தின உடனே கெஸ்ட் ஹவுஸ்காரருக்குச் சொந்தமாயிடுச்சு. அதுலேர்ந்து ஒரு சொம்பு எடுத்தாலும், குடுக்காததை எடுத்த மாதிரிதானே."

மற்ற லாரிக்காரர்கள் இதைக் கேட்டால் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிப்பார்கள், சிரித்தும் இருக்கிறார்கள். ஆனால் யசோதரன் சமணக் குடும்பத்து ஆள். பிறர் கொடுக்காததைத் தொடக்கூடாது என்பது அவர் வீட்டில் நடக்கப் பழகும்போதே பழக்கிவிடுகிற காரியம். அறுபது வயதுக்குமேல் அதை எங்கே கொண்டுபோய் விடுவது? ஜோதியம்மாள் சிரிக்கவில்லை. தொட்டியிலிருந்து ஒரு குடம் மொண்டு வந்தாள்.

அதற்கப்புறம் அவர் செய்ததுதான் அவளை வாசலிலேயே நிற்க வைத்துவிட்டது. இடுப்பிலிருந்து ஒரு வெள்ளைத் துணியை எடுத்து, இரண்டாக மடித்து, குடத்துத் தண்ணீரை வாளியில் வடிகட்டினார். வடிகட்டிய துணியை அவள் வீட்டுத் தொட்டித் தண்ணீரிலேயே மெதுவாக அலசி உதறினார்.

"ஏங்க, உங்க வண்டி வடிகட்டின தண்ணிதான் குடிக்குமா?"

"கொதிக்கப்போற தண்ணி பாருங்க. கண்ணுக்குத் தெரியாத உயிரு எதாவது இருந்துச்சுன்னா பாவம். அதான், வந்த தண்ணிலயே திரும்ப விட்டுட்டேன்."

"ஒக்காருங்க நயினாரே, வெயிலா இருக்குது" என்றாள் ஜோதியம்மாள். சமணரை அந்தப் பக்கத்தில் நயினார் என்றுதான் கூப்பிடுவார்கள். உட்காரச் சொன்னாள், ஏனென்றால் அவர் உடனே தண்ணீர் ஊற்ற முடியாது. கொதிக்கிற ரேடியேட்டரின் மூடியை அப்படியே திறந்தால் வெந்நீர் பீறிட்டு ஆளைப் பொசுக்கிவிடும். எஞ்சின் ஆறவேண்டும். பெரிய எஞ்சின், ஆற அரைமணி பிடிக்கும். அந்த அரைமணிதான் இந்தக் கதை முழுவதும்.

பெரிதாக என்ன பேசிவிட்டார்கள்? ஒன்றுமில்லை. ஓசூரில் கம்பெனி வேலைக்குப் போய்விட்ட மகன் பாலாஜியைப் பற்றி அவள் சொல்வாள். பௌர்ணமிக் கூட்டம் அவள் வீட்டுச் சுவரோரம் பண்ணுகிற அசிங்கத்தைச் சொல்வாள். அவர், கெஸ்ட் ஹவுஸில் தங்கியிருக்கும் வெள்ளைக்காரர் ஒருவர் ஒரு நாளைக்கு மூன்று தடவை குளிப்பதைச் சொல்வார். "அப்ப உங்களுக்கு நல்ல யாவாரம்தான்" என்பாள். பேச்சு தீர்வதற்குள் வண்டி ஆறிவிடும். அவருக்கு அது சீக்கிரம் ஆறிவிட்டதாகத் தோன்றும்.

வீட்டில் அவருக்குப் பேச ஆளில்லை. பொழுது சாய்வதற்குள் சாப்பிட்டுவிடுவார், இருட்டினபிறகு வாயில் எதுவும் படாது. மனைவி மருதேவி இருந்த காலத்தில் சாப்பிட்டுக் கையைக் கழுவினபிறகுதான் அந்த வீட்டில் பேச்சே ஆரம்பிக்கும். இப்போது சாப்பிட்டுக் கையைக் கழுவினால், தூக்கம் வருகிறவரை ஒரு நீண்ட பொழுது வாயைப் பிளந்துகொண்டு எதிரே உட்கார்ந்திருக்கும். டிவியைப் போட்டால் அதில் எல்லோரும் கத்துகிறார்கள். பூனாவிலிருக்கும் மகன் அர்ஹந்த் ஞாயிற்றுக்கிழமை போன் செய்து "சாப்ட்டீங்களாப்பா?" என்பான், "ஆச்சு" என்பார், அத்தோடு சரி. அவர் தனியாக இருந்தார், அது அவருக்குக் கஷ்டமாக இருந்தது. இதை இதைவிட அழகாகச் சொல்ல வழியில்லை.

அதனால்தான் இரண்டாம் நாளும் கேன் காலியாக இருந்தது. மூன்றாம் நாளும். போர்வெல் பக்கத்திலேயே குழாய் இருந்தது, தோட்டக்காரர் "ரொப்பிக்கோங்க" என்று வாய்விட்டுச் சொல்லியும் இருந்தார். கேனை நிரப்ப யசோதரனுக்குத் தினமும் மறந்துபோயிற்று.

வேலூர் ரோட்டில் ராஜமாணிக்கம் ரேடியேட்டர் பட்டறை வைத்திருந்தார். வண்டியின் பழைய காப்பர் ரேடியேட்டரைக் கழற்றிப் பார்த்துவிட்டு அவர் உதட்டைப் பிதுக்கினார்.

"அண்ணே, பத்த வெச்ச இடத்துலயே பத்த வெச்சு, இதுல இப்ப காப்பரைவிட ஈயந்தான் ஜாஸ்தி. உள்ள டியூப் பூரா உப்பு அடைச்சிருக்குது. என்னா தண்ணி ஊத்தறீங்க?"

"வடிகட்டித்தானே ஊத்தறேன்."

"துணி தூசியப் புடிக்கும். உப்பை எப்டிண்ணே புடிக்கும்?"

யசோதரன் தலையைச் சொறிந்துகொண்டார். இத்தனை வருஷமாகத் துணியில் வடிகட்டிவிட்டால் தண்ணீர் சுத்தம் என்று நம்பி, ரேடியேட்டருக்கென்றே விற்கிற கூலன்ட் வாங்கச் சொன்னவர்களை எல்லாம் காதில் போட்டுக்கொள்ளாமல் இருந்தவர் அவர்.

"இனிமே இது தாங்காது. அலுமினியம் போட்டுடலாம். வெல கம்மி, வெயிட்டும் கம்மி, நல்லா கூல் ஆவும். ஆனா ஒண்ணு, ஒழுக ஆரம்பிச்சா நான் ஒண்ணும் பண்ண முடியாது, தூக்கிப் போட வேண்டியதுதான். காப்பர்னா வெல ஜாஸ்தி, ஆனா எப்ப ஒழுகினாலும் பத்த வெச்சுத் தருவேன். உங்க வண்டி இன்னும் எத்தினி வருஷம் ஓடும்னு பாத்துக்கினு நீங்களே சொல்லுங்க."

"யோசிச்சு சொல்றேன்" என்றார் யசோதரன்.

அவர் யோசித்த அழகு இருக்கிறதே! வாரக்கணக்கில் யோசித்தார். பட்டறைக்குப் போகும்போதெல்லாம் ஒரு புதுச் சந்தேகம் கேட்பார். அலுமினியம் உப்புத் தண்ணிக்குத் தாங்குமா? காப்பர் கனத்துக்கு வண்டியில் கட்டின பட்டை தாங்குமா? ராஜமாணிக்கம் சலிக்காமல் பதில் சொல்வார். பட்டறையில் டீ குடிக்க வருகிறவர்கள்கூடக் கட்சி பிரிந்து, அலுமினியம் என்றும் காப்பர் என்றும் சண்டை போட்டார்கள். எல்லோரும் யசோதரனை எதிலும் ஒரு முடிவுக்கு வராத மனிதர் என்று நினைத்தார்கள். அவர் முடிவெடுக்கத் தெரியாதவர் அல்ல. எதைப் போட்டாலும் வண்டி கொதிக்காது, கொதிக்காத வண்டியை அடி அண்ணாமலையில் நிறுத்த முடியாது. அவருடைய யோசனை அவ்வளவுதான்.

இப்படித்தான் ஆனி பௌர்ணமிக்கு முந்தின சாயங்காலம் வந்தது.

கூட்டம் அன்றைக்கே வரத் தொடங்கியிருந்தது. பாதையோரம் தடுப்புக்கட்டை போட்டிருந்தார்கள். ஒரு டிராபிக் போலீஸ்காரர் லாரியின் பக்கவாட்டில் தட்டி, "எடுய்யா வண்டிய, ஜனம் நடக்கற ரோடு" என்று விரட்டினார். வண்டியோ ஆவி விட்டுக்கொண்டு நின்றது. யசோதரன் பின்பக்கம் போய்ச் சக்கரத்துக்குக் கல் வைத்துக்கொண்டு, கொஞ்சம் ஆறட்டும் என்று போலீஸ்காரரிடம் கெஞ்சிக்கொண்டிருந்தார்.

ஜோதியம்மாள் மேற்கே பார்த்தாள். சூரியன் பனைமரங்களுக்குக் கீழே இறங்கிக்கொண்டிருந்தது. இப்போது கிளம்பினால்தான் நயினார் வீட்டுக்குப் போய் வெளிச்சம் இருக்கும்போதே நாலு வாய் சாப்பிட முடியும், இல்லாவிட்டால் ராத்திரி பட்டினி. இத்தனை நாளில் அது அவளுக்குத் தெரிந்திருந்தது. தண்ணீரை அவளே வடிகட்டி வைத்திருந்தாள், அவரைப் போலவே துணியை மடித்து. பம்பர்மேல் கால் வைத்து ஏறி, முந்தானையைச் சுருட்டி மூடியைப் பிடித்துத் திருகினாள்.

யசோதரன் சத்தம் கேட்டு ஓடிவந்தபோது அவள் கீழே இறங்கி நின்றிருந்தாள். வலது கை முழங்கை வரைக்கும் சிவந்து தோல் சுருங்கியிருந்தது. குடத்துத் தண்ணீரை எடுத்து அவள் கைமேல் ஊற்றினார். அவசரத்தில் பாதி தரையில் போயிற்று.

"ஆஸ்பத்திரிக்குப் போலாம் வாங்க. ஆட்டோ புடிக்கறேன்."

"ஒண்ணுமில்ல. பக்கத்துப் பெட்டிக்கடை சந்திரம்மா சரக்கு வாங்கப் போயிருக்குது, வந்தா அதோட போய்க்கறேன். நீங்க கெளம்புங்க, போலீஸ்காரன் கத்தறான். பொழுதும் போயிடுச்சு, சாப்டாம இருக்கப்போறீங்க."

அவள் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். போலீஸ்காரர் மறுபடியும் லாரியைத் தட்டினார். யசோதரன் கதவைத் தட்டியிருக்கவேண்டும். தட்டவில்லை. தனியாக இருக்கும் பெண்பிள்ளை வீட்டுக் கதவை, இவ்வளவு ஜனத்துக்கு நடுவில், எந்த உரிமையில் தட்டுவது என்று நின்றார், நின்றுவிட்டு, அவள் வடிகட்டி வைத்த தண்ணீரை ஊற்றி வண்டியை எடுத்தார். கண்ணுக்குத் தெரியாத உயிருக்காகத் துணி மடித்தவர், கண்ணெதிரே இருந்தவளைப் பொசுக்கிவிட்டார். வழியெல்லாம் அதுதான் அவர் தலைக்குள் ஓடியது.

நேரே பட்டறைக்குத்தான் போனார்.

"மாத்திடு ராஜமாணிக்கம்."

"எதுண்ணே? அலுமினியம்னா இதோ ஷெல்ஃப்ல இருக்குது, காலைல மாட்டிக்கினு போயிடலாம். காப்பர்னா மெட்ராஸ்லேர்ந்து வரணும். பௌர்ணமி கூட்டத்துல பார்சல் எப்ப வரும்னு சொல்ல முடியாது."

புத்தியுள்ளவன் அலுமினியம் என்றிருப்பான். யசோதரனும் அப்படிச் சொல்லத்தான் வாயைத் திறந்தார். ஒழுகினால் தூக்கிப் போட வேண்டியதுதான் என்று ராஜமாணிக்கம் அன்றைக்குச் சொன்னது அப்போது பார்த்தா ஞாபகம் வரவேண்டும்? கெட்டுப்போனதைத் திரும்பச் சரிபண்ணலாம் என்று யாராவது சொல்லமாட்டார்களா என்று தவித்துக்கொண்டிருந்த மனுஷர். "காப்பரே போடு" என்றார். என்றைக்காவது அது மறுபடி ஒழுகும் என்ற எண்ணமும் உள்ளே ஒரு மூலையில் ஒளிந்திருந்தது. அதை நினைத்து அவருக்கே வெட்கமாக இருந்தது.

மறுநாள் லாரி இல்லாமல், கையில் ஒரு சீப்பு வாழைப்பழமும் தீக்காய மருந்தும் வைத்துக்கொண்டு ஷேர் ஆட்டோவில் போனார். பாதிக்குமேல் ஆட்டோவை விடவில்லை, பௌர்ணமி. இறங்கிக் கூட்டத்தோடு நடந்தார். ஜோதியம்மாள் வீட்டு வேப்பமரத்தடியில், அவர் லாரி நிற்கும் இடத்தில், ஓசூர் நம்பர் போட்ட ஒரு கார் நின்றது. வாசலில் ஒருவன் நின்று போனில் பேசிக்கொண்டிருந்தான், அம்மா முகம் அப்படியே இருந்தது.

என்ன சொல்லிப் போய் நிற்பது? லாரி இருந்தால் ரேடியேட்டர் என்று சொல்லலாம். லாரி இல்லாமல், வாழைப்பழத்தோடு வந்து நிற்கிற கிழவன் யார்? அவர் நடையை நிறுத்தவில்லை. கூட்டம் அவரைத் தள்ளிக்கொண்டு அந்த வாசலைத் தாண்டிப் போயிற்று. ஒருமுறை திரும்பிப் பார்த்தார், பின்னால் வந்தவர் தலைதான் தெரிந்தது. திரும்பி எதிர்த்திசையில் நடக்க அந்தக் கூட்டத்தில் வழியே இல்லை. அதனால் அண்ணாமலையாரைக் கும்பிடாத யசோதரன் மிச்ச மலையையும் சுற்றினார். பக்கத்தில் வந்தவர் "அரோகரா சொல்லுங்க சாமி" என்றார். மரியாதைக்காக இவரும் மெதுவாகச் சொல்லிவைத்தார். வாழைப்பழத்தை வழியில் கேட்டவர்களுக்குக் கொடுத்தார். அத்தனை ஆயிரம் பேருக்கு நடுவில் அவ்வளவு தனியாக அவர் அதற்குமுன் இருந்ததில்லை.

காப்பர் ரேடியேட்டர் தாமதமாகத்தான் வந்தது. அதுவரை வீட்டில் கிடந்தார். லாரி வரட்டும், லாரியோடு போவதுதான் மரியாதை என்று தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டார். மாட்டி முடித்ததும் ராஜமாணிக்கம் அதைப் பெருமையாகத் தடவிக் கொடுத்தார். "கூலன்ட் மட்டும் ஊத்துங்கண்ணே, இன்னும் பத்து வருஷத்துக்கு என் மூஞ்சிய பாக்க வேணாம்."

அன்றைக்குச் சாயங்காலம் டேங்கை நிரப்பிக்கொண்டு வந்தார். எஞ்சின் சூடு காட்டும் முள் நடுவுக்குமேல் ஏறவே இல்லை. அடி அண்ணாமலையில், வேப்பமரத்தடியில், கொஞ்சமும் கொதிக்காத வண்டியை வாழ்க்கையில் முதல்தடவையாக வேண்டுமென்றே என்று தெரியும்படி நிறுத்தினார். இறங்கினார். வீடு பூட்டியிருந்தது. ஆடுகளைக் காணோம்.

பக்கத்துப் பெட்டிக்கடையிலிருந்து சந்திரம்மாள் எழுந்து வந்தாள்.

"அவங்க இல்ல சார். புள்ள வந்து ஓசூருக்கு இட்டுனு போயிட்டான். ஆட்டையெல்லாம் வித்துட்டான்."

"கை எப்டி இருக்குது?"

"காஞ்சுனுதான் இருந்துச்சு. கஞ்சி வடிக்கசொல்ல கைல கொட்டிக்கிச்சாமே. அதான் அவன் புடிச்சுக்கினான். 'ஒரு சோறு வடிக்க கை நிக்கல, இனிமே தனியா விட்டா என்னாவும்'னு. போ மாட்டேன்னு எவ்ளோ அழுதுச்சு தெரியுமா."

"கஞ்சியா?"

"ஆமா சார், கஞ்சிதான். அதுவே சொல்லுச்சு."

லாரி என்று அவள் சொல்லியிருக்கலாம். எந்த லாரி, அது ஏன் தினமும் இங்கே நிற்கிறது என்று மகன் கேட்டிருப்பான். அதற்காகக் கஞ்சியின்மேல் பழியைப் போட்டாள், அந்தக் கஞ்சியே அவளை வீட்டைவிட்டுக் கிளப்பிவிட்டது. அலுமினியத்தைப் போட்டிருந்தால் மறுநாள் காலையிலேயே இங்கே வந்து நின்றிருக்கலாம், கார் நின்றாலும் ரேடியேட்டர் பேரைச் சொல்லி உண்மையைச் சொல்லியிருக்கலாம். இப்போது அதையெல்லாம் நினைத்து என்ன?

சந்திரம்மாள் கடைக்குள்ளிருந்து ஒரு குடத்தைத் தூக்கி வந்து வைத்தாள். அதன் வாயில் வெள்ளைத் துணி மடித்துக் கட்டியிருந்தது. "நயினார் வருவாரு, வண்டி கொதிச்சா இதுல தண்ணி குடுன்னுச்சு. வடிகட்டித்தான் குடுக்கணுமாம்."

அவர் குடத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு கேட்டார். "அந்தத் தம்பி நம்பர் இருக்குதாம்மா?"

நம்பரைப் போட்டுவிட்டு அவர் லாரியின் நிழலுக்குப் போய் நின்றார். பாலாஜி எடுத்தான்.

"தம்பி, நான் யசோதரன். திருவண்ணாமலைல தண்ணி லாரி ஓட்டறேன். உங்கம்மா கைல கொட்டினது கஞ்சி இல்ல. என் வண்டி ரேடியேட்டர் தண்ணி. எனக்கு ஒத்தாசை பண்ண வந்து பட்டுக்கினாங்க. அவங்க கைல ஒரு கொறையும் இல்ல. அவங்களால தனியா இருக்க முடியும்."

"உங்க லாரி ஏன் எங்க வீட்டாண்ட நின்னுச்சு?"

"ரேடியேட்டர் ஒழுகுச்சு."

"ஒருநாள் ஒழுகுச்சு, சரி. அம்மா வார்த்தைக்கு வார்த்தை நயினார் நயினார்னுதே, அது நீங்கதானே. தெனமும் நின்னீங்களா?"

"தெனமும் நின்னேன் தம்பி. கேன்ல தண்ணி ரொப்பி வெச்சிருந்தா நிக்க வேண்டியதில்ல. நான் ரொப்பல."

"ஏன்?"

அலுமினியம், காப்பர், உப்பு, ஈயம் என்று எத்தனையோ காரணம் அவரிடம் இருந்தது. அதையெல்லாம் சொல்லிச் சொல்லி அவருக்கே அலுத்துவிட்டது.

"பேச ஆள் இல்ல தம்பி."

போனில், கொஞ்சம் தள்ளி, அவருக்கு நன்றாகத் தெரிந்த ஒரு குரல் கேட்டது. "யார்ரா போன்ல?"

"ராங் நம்பர்மா" என்றான் பாலாஜி. போன் அணைந்தது.

யசோதரன் அதைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு திரும்பி வந்தார். சந்திரம்மாள் குடத்தில் தண்ணீர் நிரப்பி, துணியால் வடிகட்டி, தயாராக வைத்திருந்தாள்.

"வண்டி கொதிக்குதா சார்? ஊத்தணுமா?"

அவர் போய் வண்டியின் முன்மூடியைத் தூக்கி வைத்தார். புது ரேடியேட்டர் வெயிலில் செக்கச்செவேலென்று இருந்தது, கையை வைத்தால் வெதுவெதுப்புதான். "கொஞ்சம் ஆறட்டும்மா" என்று சொல்லிவிட்டு வேப்பமரத்தடியில் உட்கார்ந்தார். பூட்டின வீட்டைப் பார்த்துக்கொண்டு, வழக்கமாக உட்காரும் நேரம் முழுக்க உட்கார்ந்திருந்தார். சூரியன் பனைமரங்களுக்குக் கீழே போயிற்று, ராத்திரிச் சாப்பாடும் போயிற்று. பிறகு எழுந்து, முன்மூடியை இறக்கிச் சாத்தினார்.

"தண்ணி?" என்றாள் சந்திரம்மாள்.

"அப்டியே இருக்கட்டும். குடம் உங்ககிட்டயே இருக்கட்டும்மா. நாளைக்கு வரேன்."